தை முகூர்த்தத்துக்கு ஒரு நகம்

கார்த்திகை கடைசியில் ஒரு மத்தியானம். அம்மாவும் மகளும் பார்லருக்குள் வந்தார்கள். மகள் ஷூ போட்டிருந்தாள். மதுரை வெயிலில் ஷூ போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தால், பாதத்தில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். உட்கார வைத்து, கழற்றும்மா என்றேன். கழற்றுவதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

ஆடி மாதம் கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது வலது கால் கட்டைவிரலில் சாய்ந்துவிட்டதாம். வீட்டுச் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோ வரும். எலும்பு முறியவில்லை. நகம் கறுத்து, புரட்டாசியில் முழுதாகக் கழன்று விழுந்துவிட்டது. தையில் கல்யாணம்.

"அம்மி மிதிக்கிறப்போ எல்லாரும் காலத்தானக்கா பாப்பாங்க. போட்டோக்காரரும் கிட்ட வந்து எடுப்பாரு" என்றாள் அந்தப் பெண். உண்மைதான். மாப்பிள்ளை காலைப் பிடித்து அம்மியில் வைத்து மெட்டி போடும் அந்த அரை நிமிஷம், மண்டபம் முழுக்க அந்த விரல்களைத்தான் பார்க்கும்.

இருபத்திரண்டு வருஷமாக பார்லர் வைத்திருக்கிறேன். நகம் போன விரலுக்கு நகம் செய்யும் வேலையைக் கடந்த ஏழெட்டு வருஷமாகத்தான் செய்கிறேன். புருவம் திருத்துவது மாதிரி உடனே உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது. முதலில் நகம் ஏன் போனது என்று தெரிய வேண்டும். சிலிண்டர், ஸ்கூட்டர் ஸ்டாண்டு, கல் இடறியது என்றால் சரி. தானாகவே மஞ்சளாகித் தடித்து உதிர்ந்தது என்றால் பூஞ்சையாக இருக்கலாம். அதன்மேல் ஜெல் (லேம்ப் வெளிச்சத்தில் இறுகிச் செயற்கை நகமாகும் பசை) போடுவது பூஞ்சைக்குக் கூரை போட்டுக் கொடுப்பது மாதிரி. அடிபட்ட ஞாபகமே இல்லாமல் நகத்துக்கு அடியில் கறுப்புக் கோடோ கறையோ இருந்தால் தொடவே மாட்டேன். தோல் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்பேன்.

சர்க்கரை உள்ளவர்கள் விஷயத்திலும் அப்படித்தான். போன வருஷம் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் வந்தார். பேத்தி சடங்குக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டும், இந்த மொட்டை விரலை மறைத்துக் கொடுங்கள் என்றார். விரல் நுனியை நகம் தேய்க்கும் ஃபைலின் ஓரத்தால் லேசாக வருடினேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தார். உணரவே இல்லை. சர்க்கரை இருக்கிறதா ஐயா என்றேன். பன்னிரண்டு வருஷமாக என்றார். ஜெல் உள்ளே அழுத்தினாலும், புண் ஆனாலும் அவருக்குத் தெரியாது. முடியாதுங்க ஐயா என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டுதான் போனார். அது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் இன்றைக்கு வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

கல்யாணப் பெண்ணுக்கு வருகிறேன். விரலைக் கழுவித் துடைத்து, ஸ்கேல் வைத்து அளந்தேன். பின்னாலிருந்து புது நகம் 6 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது. அதற்கு முன்னால் நுனி வரை 12 மில்லிமீட்டர் வெறும் சதை. காய்ந்து, கெட்டிப்பட்டு, புண் எதுவும் இல்லாமல் இருந்தது. கை நகம் மாதத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர் வளரும். கால் நகம் சுமார் 1.6தான். கட்டைவிரல் நகம் முழுதாக வர ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் ஆகும். தைக்குள் வந்துவிடுமா என்று அம்மா கேட்டதற்கு, இன்னும் ஏழெட்டு மாசம் ஆகும்மா என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன்.

எனக்கு அழகைவிடப் பெரிய கவலை வேறு. அவள் விரல் நுனிச் சதை மேலே எழும்பி ஒரு சின்ன மேடாகியிருந்தது. நகம் என்பது நுனிச் சதையை அழுத்திப் பிடித்திருக்கும் மூடி. மூடி போனால், நடக்கும்போது தரை சதையை மேலே தள்ளும். பின்னால் வளர்ந்து வரும் நகம் அந்த மேட்டில் முட்டி உள்ளே குத்த ஆரம்பிக்கும். அப்புறம் வலி, சீழ், ஆபரேஷன். செயற்கை நகத்தைச் சரியாக வைத்தால் அது அந்தச் சதையை அமுக்கிப் பிடித்து, புது நகம் வர வழி விடும். கல்யாணத்துக்காக வந்தார்கள், நான் அதற்காகவும் செய்தேன்.

முதல் மூன்று வாரம் ஜெல்லே போடவில்லை. தினமும் குளித்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டு, நுனிச் சதையைக் கீழ்நோக்கி ஐந்து நிமிஷம் நீவச் சொன்னேன். எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, துணி டேப்பால் சதையைக் கீழே இழுத்து ஒட்டச் சொன்னேன். மார்கழி நடுவில் வந்தபோது மேடு பாதி அமுங்கியிருந்தது.

அன்றைக்கு ஒரு ஒத்திகை. இருக்கிற நகத்தின் பளபளப்பை 180 நம்பர் ஃபைலால் எடுத்தேன். ஜெல் பிடிப்பதற்காக முதலில் தடவும் ப்ரைமர் நகத்தில் மட்டும், சதையில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. காலுக்கென்றே வருகிற, வளைந்து கொடுக்கும் ஜெல்லை மெல்லிசாக இழுத்து, நகக்கண் பக்கம் போகாமல் ஆரஞ்சுக் குச்சியால் ஓரம் துடைத்து, லேம்ப்பில் வைத்தேன். மொத்தமாக அப்பினால் லேம்ப்பில் சுருக்கென்று சூடு ஏறும். அதனால் மூன்று மெல்லிய அடுக்கு. நீளம் விரல் நுனிக்கு ஒரு நூல் உள்ளேயே. நீட்டினால் செருப்பு இடித்துப் பெயர்த்துவிடும். காயாத ஜெல் தோலில் பட்டால் அலர்ஜி வரும், ஒரு முறை வந்தால் ஆயுசுக்கும் போகாது. அதற்காகத்தான் ஒத்திகையே. மூன்று வாரம் அரிப்போ சிவப்போ இல்லை என்று பார்த்த பிறகுதான் முகூர்த்தத்துக்குக் கை வைத்தேன்.

இந்தச் செயற்கை நகமே பல் வைத்தியத்திலிருந்து வந்ததுதான். 1954இல் ஃப்ரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் டாக்டர், உடைந்த தன் நகத்துக்குப் பல் கட்டும் அக்ரிலிக்கை வைத்துப் பார்த்தார். செயற்கை நகத்துக்கென்று இன்னும் மலிவாகக் கிடைக்கிற எம்.எம்.ஏ. (மெத்தில் மெத்தாக்ரிலேட்) திரவம் அந்த வழியில் வந்தது. கல் மாதிரி இறுகும். இடித்தால் அது உடையாது, அடியில் இருக்கிற சொந்த நகம்தான் பிய்ந்து வரும். 1970களிலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. விலை குறைவு என்று அதை வாங்கி வைத்திருக்கும் பார்லர் தங்கச்சிகள் தயவுசெய்து தூரப் போடுங்கள்.

என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒரு டீச்சருக்குச் செய்துவிட்டு, எப்போது திரும்பி வர வேண்டும் என்று அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆறு வாரம் கழித்து வந்தார். ஓரத்தில் ஜெல் தூக்கி, அந்த இடுக்கில் தண்ணீர் நின்று, அடியில் பாசி மாதிரி பச்சை. ஈரத்தில் வளரும் பாக்டீரியா அது. டாக்டரிடம் அனுப்பி வைத்தேன், சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பச்சையை நான் மறக்கவில்லை. இப்போது மூன்றாவது வாரம் நானே போன் போட்டுக் கூப்பிடுகிறேன். ஓரம் தூக்கினால் நெம்பாதீர்கள், பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வாருங்கள் என்று எழுதியே கொடுக்கிறேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு இறுதி நகம். நலங்கு மஞ்சள் ஜெல்லில் ஏறினால் போகாது. அதனால் நலங்கு முடிந்த பிறகு வரச் சொன்னேன். மற்ற ஒன்பது நகத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் நிறம் கலந்தேன். அவள் நகத்தில் லேசாக நீளக் கோடுகள் உண்டு. அதே மாதிரி நாலு கோடு, ஃபைல் முனையால். மேலே மருதாணிச் சிவப்புப் பாலிஷ். அம்மா குனிந்து பார்த்துவிட்டு இடது காலைக் காட்டி, "இதுதான செஞ்சது?" என்றார்.

போட்டோ அனுப்பினாள். மஞ்சள் பூசிய அம்மி, அதன்மேல் பாதம், மெட்டி போடும் கை.

அதன்பிறகும் மாதம் ஒரு முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் சொந்த நகம் முன்னால் வர வர, ஜெல்லைக் குறைத்துக்கொண்டே போனேன். சித்திரையில் பாதிக்கு மேல் அவளுடையது. ஆவணியில் நுனியில் ஒரு கீற்றுதான் பாக்கி. அதை ஃபைலால் தேய்த்து எடுத்தேன், மடியில் விரித்திருந்த துண்டில் வெள்ளைத் தூளாக விழுந்தது. அடியில் இருந்த நகம் கொஞ்சம் சொரசொரப்பு, நடுவில் குறுக்காக ஒரு பள்ளம். பாலிஷ் எந்த நிறம் வேண்டும் என்று கேட்டேன். இன்னைக்கு வேண்டாம்க்கா என்று சொல்லி, அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.