911 ஜிடி3 பக்கத்துல நம்ம மாருதி 800

போர்ஷே 911 ஜிடி3 மாதிரி வண்டி இப்பல்லாம் ரொம்ப அபூர்வம். இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி ஏத்தற டர்போ கிடையாது, 4 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் பின்னாடி உக்காந்துக்கிட்டு 9000 ஆர்பிஎம் வரைக்கும் கத்தும், 510 குதிரை சக்தி, நின்ன எடத்துல இருந்து 100 தொட மூணரை செகண்ட் கூட ஆகாது. சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல தெரிஞ்சவர் ஒருத்தரோட வண்டில பக்கத்து சீட்டுல உக்காந்து போனேன், ஸ்ட்ரெயிட் முடியற எடத்துல அவர் பிரேக் மிதிச்சப்ப பெல்ட்டு நெஞ்சுல அப்படியே பதிஞ்சுது, அந்த பிக்கப்ப விட அந்த பிரேக்கு தான் இன்னும் மனசுல நிக்குது. நிறுத்துனதும் குனிஞ்சு முன் வீலுக்குள்ள பாத்தேன், டிஸ்க் 408 மில்லிமீட்டர். எங்க வீட்டு 800 ஓட ரிம்மே 12 இன்ச் தான், 305 மில்லிமீட்டர், அந்த டிஸ்க் நம்ம வீலுக்குள்ள நுழையவே நுழையாது!

800 பத்தி உங்களுக்கு தெரியாதது இல்ல. 796 சிசி, மூணு சிலிண்டர், 37 குதிரை, எடை 650 கிலோ பக்கம். ஜிடி3ல ஒரு குதிரை இழுக்கறது மூணு கிலோ கூட வராது, 800ல பதினேழு கிலோவுக்கு மேல. இதுல போட்டின்னு ஒண்ணும் இல்ல.

ஆனா ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு ஏறுங்க, 40 கொண்டை ஊசி வளைவு. ஜிடி3 செகண்ட் கியர்லயே 100 தாண்டிரும், அந்த ரோட்ல அத எங்க போய் ஓட்டறது, வண்டி பாதி தூக்கத்துல தான் வரும். 800ல அப்படி இல்ல, செகண்ட் போட்டு ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சா தான் ஏறும், வளைவுக்கு முன்னாடியே கியர் மாத்தி வேகத்த விடாம புடிச்சிருக்கணும், பவர் ஸ்டியரிங் இல்லாததால அந்த ஒல்லி டயர் லேசா வழுக்க ஆரம்பிக்கறது மொதல்ல கைக்கு தான் தெரியும். நாப்பதுல போறப்பவே வண்டிய முழுசா ஓட்டற சந்தோஷம் கிடைக்குது. எனக்கு கார் ஓட்டறதுன்னா இது தான்.

இந்த இன்ஜின சாதாரணமா நினைக்காதீங்க. கோயம்புத்தூர் கரிவர்தன் இத வச்சு தான் ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டினாரு, நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்துல ஓட்டுனது அந்த வண்டி தான், அவரு தான் 2005ல ஜோர்டான் டீம்ல ஃபார்முலா ஒன் ஓட்டுன முதல் இந்தியர்.

பாதுகாப்புன்னு வந்தா 800ல ஏர்பேக்கும் கிடையாது, பிரேக் அடிச்சா வீல் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ்ஸும் கிடையாது, அதனால ராத்திரில லாரிங்களுக்கு நடுவுல பைபாஸ்ல நான் எடுக்க மாட்டேன், நீங்களும் எடுக்காதீங்க. 1983ல வந்த வண்டி, 2014ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க, நல்ல நிலைமைல இருக்கறது வருஷத்துக்கு வருஷம் கொறைஞ்சுட்டே வருது. உங்க வீட்டு ஷெட்ல ஒண்ணு கெடந்தா தயவுசெஞ்சு காயலான் கடைக்கு போட்றாதீங்க, பழைய பெட்ரோல எறக்கிட்டு, கார்புரேட்டர் வச்ச பழைய மாடல்னா அத சுத்தம் பண்ணி, வெடிச்சுப்போன ரப்பர் ஹோஸெல்லாம் மாத்தி, ஆர்.சி.ய ரினியூ பண்ணிட்டு, ஒரு தடவ மலை ஏத்தி பாருங்க.