குலுக்காமல் எடுத்த பை

எங்கள் மருத்துவமனையில் இரத்த வங்கி கிடையாது. இருப்பது ஒரு பிரிட்ஜ். வேலூரிலிருந்து ஒடுகத்தூர் போகிற பக்கம், ஜவ்வாது மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிற சின்ன மருத்துவமனை அது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனையும் முடித்து நகரத்து இரத்த வங்கி அனுப்புகிற பைகளை வாங்கி வைக்கிறோம். தேவைப்படும்போது நோயாளியின் இரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று கிராஸ்மேட்ச் பார்த்துக் கொடுக்கிறோம். இதற்கு ஸ்டோரேஜ் சென்டர் என்று பெயர். ஊர்க்காரர்கள் வந்து கேட்பது, "பாட்டில் இருக்குதா?" பாட்டில் போய்ப் பை வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, பேச்சில் மட்டும் பாட்டில் அப்படியே இருக்கிறது.

லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிதில் என்னைப் பயிற்சிக்கு அந்த இரத்த வங்கிக்கே அனுப்பினார்கள். அங்கே ஓர் அக்கா. பாடம் எடுக்கிற ஆள் இல்லை, வேலை செய்துகொண்டே இரண்டு வார்த்தை சொல்வார். முதல் நாள் நான் ஒரு பையை எடுத்து மருந்து பாட்டிலைப் போலக் குலுக்கிவிட்டேன். "குலுக்காத தம்பி. கலந்துபோச்சுன்னா அப்புறம் அது ஒண்ணும் சொல்லாது" என்றார்.

அவர் சொன்னது பிறகுதான் புரிந்தது. அசையாமல் நிற்கிற பையில் செவ்வணுக்கள் கீழே அடங்கிவிடும், மேலே பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதி தெளிவாக ஓர் அடுக்காக நிற்கும். வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது. பாலைப் போல வெள்ளையாக இருந்தால் கொடுத்தவர் கொழுப்பாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்களின் பிளாஸ்மா சில சமயம் பச்சை சாயலில் இருக்கும். இந்த அடுக்கில் சிவப்பு ஏறியிருந்தால்தான் ஆபத்து. செவ்வணுக்கள் உடைந்து உள்ளே இருந்த சாயம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். உறைந்த கட்டி, நுரை, பை உப்பியிருப்பது, ஓரத்தில் கசிவு இவையும் பார்க்க வேண்டியவை.

அப்புறம் வால். பையோடு ஒட்டியிருக்கிற மெல்லிய டியூப், நடுநடுவே சூட்டில் ஒட்டித் துண்டு துண்டாக அடைக்கப்பட்டிருக்கும். கிராஸ்மேட்சுக்கு அதிலிருந்துதான் ஒரு துண்டை வெட்டுவோம். அக்கா அதை வேறொன்றுக்கும் பயன்படுத்துவார். பையையும் வாலையும் ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து நிறத்தை ஒப்பிடுவார். பை மட்டும் கறுத்து, வால் பழைய நிறத்திலேயே இருந்தால் பைக்குள் கிருமி வளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். யெர்சினியா என்று ஒரு கிருமி உண்டு, 4 டிகிரி குளிரிலும் சாவகாசமாக வளரும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு இரண்டு வருஷம் ஒரு பையைக்கூடத் திருப்பி அனுப்ப வேண்டி வரவில்லை. பார்ப்பேன், சரி என்பேன், கையெழுத்துப் போடுவேன். உண்மையைச் சொன்னால், கடைசியில் பையைவிட பிரிட்ஜின் முகப்பைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2 முதல் 6 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறிக்க வேண்டும். வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள், மே மாதத்தில் கரண்ட் போனால் என் கவலையெல்லாம் அந்த எண்ணில்தான்.

அப்படி ஒரு மே மாத இரவு. ஒன்றே முக்கால் மணி. மலையிலிருந்து ஒரு பெண்ணை 108-இல் கொண்டுவந்தார்கள். குழந்தை வழியிலேயே பிறந்துவிட்டது, இரத்தப்போக்கு நிற்கவில்லை. டியூட்டி டாக்டர் போனில், "ஓ பாசிட்டிவ் எத்தனை இருக்கு?" என்றார். "மூணு, மேடம்." "ரெண்டு போடு, சீக்கிரம்."

பிரிட்ஜ் முகப்பில் 4.2. ஓ வகைக்கு நீல லேபிள். காலாவதி முந்துகிற பையை முதலில் கொடுக்க வேண்டும் என்பது முறை, அதனால் முன்னால் இருந்ததைக் குலுக்காமல் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். எண் சரி, வகை சரி, தேதிக்கு இன்னும் 9 நாள். மேல் அடுக்கு மட்டும் ரோஸ்மில்க் நிறத்துக்கும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. வெளிச்சத்தின் கோளாறோ என்று செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பக்கத்துப் பையை எடுத்துச் சேர்த்துப் பிடித்தேன். அது வைக்கோல், இது சிவப்பு.

ஐஸ் பெட்டியோடு நின்ற வார்டு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, ரத்தம்னா செவப்பாத்தானே இருக்கும்?" என்றார்.

வாலைப் பார்த்தேன். அதிலும் அதே சிவப்பு. கிருமி என்றால் பை மட்டும்தானே மாறியிருக்க வேண்டும்? இரண்டும் சேர்ந்து மாறியிருக்கிறது என்றால் பை முழுக்க எங்கேயோ உறைந்தோ சூடாகியோ இருக்கிறது. ஆனால் இந்த பிரிட்ஜ் மூன்று நாளாக 4-ஐ விட்டு நகரவில்லை, பக்கத்துப் பைகளும் நன்றாக இருக்கின்றன.

வேலைக்குச் சேர்ந்து முதல்முறையாக ஒரு பையை வேண்டாம் என்று சொல்லப் போகிறேன், அதுவும் மூன்றே பை இருக்கிற இரவில். வெளியே அந்தப் பெண்ணின் அம்மா, "ரத்தம் இருக்குதா நைனா?" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார். டாக்டருக்குப் போன் போட்டேன். ஒரு நொடிதான் பேசாமல் இருந்தார். "அதை ஓரமா வை. மிச்சம் ரெண்டையும் போடு. நான் வேலூருக்குச் சொல்லி இன்னும் ரெண்டு கேக்கிறேன்."

இரண்டும் ஒத்துப்போயின. முதல் பை கட்டிலுக்குப் போனதும் நானும் சிஸ்டரும் ஆளுக்கொரு முறை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படித்தோம். முதல் கால்மணி நேரம் சிஸ்டர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. குளிர், காய்ச்சல், முதுகுவலி எதுவும் இல்லை. நாலரைக்கு வேலூர்ப் பைகளும் வந்து சேர்ந்தன. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

விடிந்ததும் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அந்தப் பை இரண்டு நாள் முன்னால் ஒரு சிசேரியனுக்குப் போய், தேவைப்படாமல் திரும்பி வந்திருக்கிறது. வெளியே போனது 6.10, திரும்பியது 6.35. அரை மணிக்குள் வந்தால் உள்ளே வைக்கலாம், தாளில் தப்பே இல்லை.

பிரசவ வார்டு சிஸ்டரிடம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 6.35 என்பது பை வேண்டாம் என்று முடிவான நேரம். அன்றைக்கு ஸ்டோரேஜ் அறை பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் வெளியே போயிருந்தார். வெயிலில் கெட்டுவிடக் கூடாதே என்று யாரோ அக்கறையாக வார்டு பிரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் எடுத்து வந்து கொடுத்தபோது, வாங்கியவர் சீட்டில் இருந்த நேரத்தையே ரிஜிஸ்டரில் எழுதிவிட்டார்.

அந்த பிரிட்ஜைப் போய்ப் பார்த்தேன். ஒற்றைக் கதவு, வீட்டு பிரிட்ஜ். ஆக்ஸிடோசின் ஊசி, யாருடைய தயிர் டப்பாவோ, ஒரு முழம் மல்லி. பையை வைத்தது எங்கே என்று கேட்டேன். ஃப்ரீசருக்கு நேர் கீழே இருந்த தட்டைக் காட்டினார்கள். பனி படிந்திருந்தது, விரல் வைத்தால் ஒட்டியது. உறைந்து உருகிய செவ்வணு உடையாமல் என்ன செய்யும்? எங்கள் பிரிட்ஜின் தெர்மாமீட்டர் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. பை வெளியே கழித்த ஒரு ராத்திரி அதற்கு எப்படித் தெரியும்?

யார் மேலும் புகார் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் இன்னும் தோன்றுகிறது. பையில் 'உபயோகிக்கக் கூடாது' என்று சீட்டு ஒட்டி, நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி, இரத்த வங்கிக்கே அனுப்பினேன். ரிஜிஸ்டரில் 'திரும்பிய நேரம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'இடையில் எங்கே இருந்தது' என்று பேனாவால் ஒரு கோடு இழுத்துச் சேர்த்தேன். ஸ்டோரேஜ் அறையின் இரண்டாவது சாவி இப்போது பிரசவ வார்டு சிஸ்டர் மேஜையின் டிராயரில் இருக்கிறது.