கோயில் வாசலில் ஒரு மேசை

வட இலங்கையின் வன்னி மக்களுக்குத் தேர்தலில் அக்கறையில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் கத்தோலிக்கப் பங்கில் வாக்களிக்காமல் இருந்தவர்களில் பெரும்பாலானோரைத் தடுத்தது ஆவணச் சிக்கல்தான். போரில் இடம்பெயர்ந்து முகாமில் தங்கி, வவுனியாவில் உறவினர் வீட்டில் ஒதுங்கி, பிறகு ஊர் திரும்பிய குடும்பங்களில் தகப்பனின் பெயர் ஓரிடத்திலும் மகளின் பெயர் இன்னோரிடத்திலும் கிடந்தன. சிலருடைய பெயர் எந்த இடாப்பிலும் இல்லை.

வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படுகிறது. கிராம அலுவலர் வீடுவீடாக வருவார். ஆனால் கணவன் கடலுக்கும் மனைவி வயற்கூலிக்கும் போன வீட்டில் பகலில் யார் பதில் சொல்வது? அதனால் பங்கின் சிறு அயற்குழுக்களான அன்பியங்களை நம்பி இறங்கினோம். எந்த வீட்டில் யார் புதிதாக வந்தார், எவருக்குப் பதினெட்டு நிறைந்தது என்பதெல்லாம் அன்பியத்துப் பெண்களுக்கு மனப்பாடம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டு, அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டு, தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைத் தேடினோம். இல்லாதவர்களின் விபரத்தை எழுதிக் கிராம அலுவலரிடம் கொடுத்தோம். வரைவுப் பட்டியல் காட்சிக்கு வைக்கப்படும் நாட்களில் மறுபடியும் போய்ப் பார்ப்பதுதான் முக்கியம். பெயரைச் சேர்க்கக் கேட்கும் உரிமைக் கோரிக்கையை அந்தக் காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

புதுக்குடியிருப்பிலிருந்து தருமபுரத்துக்கு மணம் முடித்துப் போன பெண்களின் நிலை தனிக்கதை. முன்னது முல்லைத்தீவில், பின்னது கிளிநொச்சியில்; இரண்டும் வன்னி மண்தான். ஆனால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்ததே வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அடங்குகிறது. பெயரை மாற்றாவிட்டால் அவர்கள் வாக்களிக்கத் தாய்வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

ஒரு முதிய அம்மா செபமாலையோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த அடையாள அட்டையை நீட்டினார். உறை பிரிந்து, தண்ணீர் இறங்கி, படத்தில் வகிடும் ஒரு காதும் மட்டும் மிஞ்சியிருந்தன.

"இதோடு போனால் வாக்களிக்க விடமாட்டார்கள், அம்மா."

"போன முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள், தம்பி. அதற்குப் பிறகு நான் போகவேயில்லை."

இப்படிப்பட்டவர்களுக்குத் தேர்தலுக்கென்று தற்காலிக அடையாள அட்டை உண்டு. கிராம அலுவலர் ஊடாக, படத்தோடு, குறித்த திகதிக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. போரில் அத்தனையும் இழந்த ஒரு தாய், நாட்டின் குடிமகளாக நிற்கும் ஒரே நாளில் வாசலிலிருந்து திரும்பியிருக்கிறார். இன்றைக்கும் என் மனம் ஆறவில்லை.

பங்குத்தந்தை ஒரு விடயத்தில் உறுதியாக இருந்தார்: மறையுரையில் கட்சியும் கிடையாது, வேட்பாளரும் கிடையாது. மத ஒன்றுகூடலை வைத்து வாக்காளரைத் தூண்டுவது சட்டப்படி குற்றம். "உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். அயலிலிருந்த மெதடிஸ்த சபையாரும் சைவக் குடும்பங்களும் தயங்காமல் எங்கள் மேசைக்கு வந்ததற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன்.

வான் பிடித்து எல்லோரையும் ஏற்றிப் போகலாம் என்று இளையோர் ஆர்வப்பட்டார்கள். வாக்காளரை வாகனத்தில் ஏற்றுவதில் சட்டம் கடுமையானது என்பதால் அதை விட்டுவிட்டு, நடக்க இயலாதவர்களுக்கு மட்டும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டோம். பார்வையற்றவர் தம்மோடு ஓர் உதவியாளரைக் கூட்டிச் செல்லலாம். அதற்கான சான்றிதழையும் முன்பே எடுத்து வைக்க வேண்டும்.

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தல். இரண்டுக்கும் இடையில் எங்களை அலைக்கழித்தது கொழும்புக்கு அருகே கட்டுநாயக்காவிலும் பியகமவிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் நிற்கும் எங்கள் பிள்ளைகளின் விடயம். பெயர் ஊரில், வேலை அங்கே. 150 கிலோமீற்றருக்கு மேல் பயணிக்க வேண்டியவருக்குச் சம்பளத்துடன் 2 நாள் விடுமுறை உண்டு. ஆனால் அதை எழுத்தில் கேட்க வேண்டும். பலர் வாயால் கேட்டு, வாயாலேயே மறுக்கப்பட்டிருந்தார்கள். மாதிரிக் கடிதமொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் தட்டச்சு செய்து, தாய்மாரின் தொலைபேசிகள் வழியே அவர்களுக்கு அனுப்பினோம். பெயரையும் வாக்களிப்பு நிலையத்தையும் நிரப்பிக் கையொப்பமிட்டு, பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளச் சொன்னோம்.