பட்டினி கிடந்த குடல்

தீவிர சிகிச்சைப் பிரிவில் உணவியல் நிபுணராகச் சேர்ந்த புதிதில் அந்தப் பையை வியந்து பார்ப்பேன். மூன்று அறைகள்: குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், பால் போன்ற கொழுப்பு. மேலிருந்து சுருட்டி அழுத்தினால் நடுத் தடுப்புகள் விட்டு, மூன்றும் கலந்து வெள்ளையாகிவிடும். பெரிய சிரை வழியே அதை ஏற்றினால், வாயில் ஒரு சொட்டுகூடப் படாமல் ஒருவர் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம்.

குடல் அறுவை முடிந்த ஓர் அம்மாவுக்கு மூன்று வாரம் அந்தப் பைதான் சாப்பாடு. கிலோவுக்கு ஒன்றரை கிராம் புரதம், கலோரி எல்லாம் கணக்காகப் போட்டேன். எடையும் குறையவில்லை. ஆனால் குழாய் வழியே குடலுக்கு உணவு தொடங்கியதும் வயிறு ஊதி, பேதியாகிவிட்டது. "உடம்புக்குச் சாப்பாடு போட்டோம்மா, குடலுக்குப் போடலையே" என்றார் அறுவை மருத்துவர்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். குடலின் உட்பூச்சுச் செல்கள் சில நாட்களுக்கொரு முறை புதிதாக முளைப்பவை. தங்கள் உணவில் பெரும்பங்கை, குடலுக்குள் கடந்து போவதிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. எதுவும் கடந்து போகாவிட்டால் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடும். அந்தச் செல்களின் முக்கிய எரிபொருள் குளூட்டமின் என்ற அமினோ அமிலம். வழக்கமான பைகள் பலவற்றில் அதுதான் இல்லை. கரைசலில் வைத்தால் மெல்லச் சிதைந்துவிடும் என்பதே காரணம். அதனால் அலனைன் என்ற இன்னோர் அமினோ அமிலத்தோடு பிணைத்துத் தனிப் பாட்டிலில் வரும்.

சரி, விடை கிடைத்துவிட்டது என்று நம்பினேன். பல நோயாளிகளுக்கு அதை எழுதியும் கொடுத்தேன். 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. பல உறுப்புகள் செயலிழந்த, ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் இருந்தார்கள். அதிக அளவில் குளூட்டமின் பெற்றவர்களில் இறப்பு கூடியிருந்தது. அன்று பழைய குறிப்பேடுகளைப் புரட்டி, யாருக்கெல்லாம் கொடுத்தேன் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். நல்லது என்று நினைத்துக் கொடுத்ததுதான், ஆனாலும் மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு சிறுநீரகமோ கல்லீரலோ தளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டிலை நான் எழுதியதே இல்லை.

இப்போது ரவுண்ட்ஸில் நான் முதலில் கேட்பது, குடலுக்குள் கொஞ்சமாவது ஏதாவது அனுப்பலாமா என்பதைத்தான். போன மாதம் ஒரு பெரியவருக்குப் பை ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூக்குக் குழாயில் மணிக்கு 10 மில்லி தொடங்கினோம். இரண்டு தேக்கரண்டிதான். மூன்றாம் நாள் காலையில், வயிறு ஊதாமல் மென்மையாக இருக்கிறது, மலமும் போய்விட்டார் என்று நர்ஸ் ஓடிவந்து சொன்னார். மணிக்கு 20 என்று மாற்றி எழுதினேன்.