பாலாற்று மணலும் தார் மணலும்

வேலூர்க்காரனுக்கு வெயிலும் மணலும் புதிதா என்ற திமிரில்தான் அந்தப் பாலைவனப் புகைப்படப் பயிலரங்குக்குப் போனேன். மொத்தம் ஆறு பேர். ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில், ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி, சம் மணல்மேடுகள்.

கல்யாணப் படம் எடுத்தே பழகிய கை; முதல் படமே மங்கல். வெளிர் மணலைப் பார்த்து ஏமாந்துபோய் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுமாம். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, 1 ஸ்டாப் (இரு மடங்கு) ஏற்றியதும் சரியானது. சூரியன் தாழ்வாக, பக்கவாட்டில் விழும்போதுதான் மணல் வரிகள் நிழலோடு எழுகின்றன. மேலே ஏறிவிட்டால் எல்லாம் தட்டை. நல்ல மேடொன்றை என் காலடித் தடமே கெடுத்தது தனிக்கதை. காற்றில் லென்ஸ் மாற்றி சென்சாரில் தூசி வாங்கியதும் நான்தான்.

ஊர் திரும்பிய மறுநாள் விடியலில், காட்பாடி போகும் பாலத்துக்குக் கீழே வறண்ட பாலாற்றில் ட்ரைபாடை நட்டேன். அதே வரிகள், அதே நிழல். நடுவில் இரண்டு எருமைகள் வந்தன. அப்படியே விட்டுவிட்டேன்.