கொளிஞ்சி முளைத்த மண்மேடு

டெல்டாவுக்குள் கிராவல் என்கிற சரளைச் செம்மண் கிடையாது. திருவையாற்றுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் எவ்வளவு தோண்டினாலும் வண்டல், களி, மணல் என்றுதான் மாறி மாறி வரும். ஆனால் கிராவலுக்குக் கிராக்கி முழுக்க இங்கேதான். தாழ்ந்த மனையை மேடாக்க வேண்டும், ரோடு போட வேண்டும், கரையைப் பலப்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் டிப்பர் தென்மேற்கே மேட்டுக்கு ஏறுகிறது. தஞ்சாவூரைத் தாண்டி வல்லம், செங்கிப்பட்டி பக்கம் போனால் மண் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். கடலூர் மணற்கல் என்று எங்கள் துறையில் சொல்லும் படிவம், அதன் தலையில் செம்பூரான் கல்லும் சரளையும். அந்தச் சரளையோடு படிகக் கல்லும் கிடைக்கும். ஒரு காலத்தில் வல்லத்துக் கல்லைத் தேய்த்துத் தஞ்சாவூரில் மூக்குக்கண்ணாடி செய்தார்கள். நாங்கள் அதையும் சேர்த்து அள்ளி மனைக்கு அடிக்கிறோம்.

என் வேலை, குவாரிக்குச் சுரங்கத் திட்டம் எழுதுவது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த, கிராவல் போன்ற சிறு கனிமக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, எங்களைப் போன்றவர்களுக்குத் திடீரென்று வேலை குவிந்தது. அப்போது நான் எழுதிய திட்டங்களின் கடைசி அத்தியாயத்தை இன்று எடுத்துப் படிக்கக் கூசும். 'குவாரி முடிந்தபின் பள்ளத்தைச் சுற்றி வேலி அமைத்து, வேம்பும் புங்கனும் நடப்படும்.' ஊர்ப்பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றினால் அடுத்த திட்டம் தயார். அப்படி எழுதிய ஒரு பள்ளத்தை மூன்று வருடம் கழித்து வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன். சுவர் செங்குத்தாக நின்றது, அடியில் பாசி பிடித்த தண்ணீர், கரை முழுக்கச் சீமைக்கருவேலம். மேல்மண்ணைக் காணவில்லை. கிராவலோடு கிராவலாக அதுவும் யார் மனைக்கோ போயிருக்கும். இரண்டு பையன்கள் மேலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட்டு ஏறிவரச் சொன்னேன். வேறென்ன செய்வது, வேலி போடப்படும் என்று எழுதியவன் நான்தான்.

அதன் பிறகு வந்ததுதான் பெரியவரின் நிலம். ஒரு ஹெக்டேர், ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் புஞ்சை. மகள் கல்யாணத்துக்காகக் குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்காரர் மனதில் கணக்கு எளிது: நூற்றுக்கு நூறு மீட்டர், நான்கு மீட்டர் ஆழம், 40,000 கன மீட்டர். நான் சுற்றிலும் எல்லைக்கு 7.5 மீட்டர் விட்டேன். 85-க்கு 85 ஆயிற்று. இரண்டு மீட்டர் இறங்கியதும் இரண்டு மீட்டர் அகலத்துக்குப் படி. கீழே 81-க்கு 81. மொத்தம் 27,572. அதிலும் மேலே 30 சென்டிமீட்டர் மேல்மண், இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம், விற்கக் கூடாது. நூறு கன அடி ஒரு யூனிட் என்று 14,000 யூனிட் கனவு கண்டவர், 9,000-க்கு வந்து நின்றார். அன்றைக்கு எனக்கு டீ வரவில்லை.

சோதனைக் குழி தோண்டும்போது பெரியவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான்கு மீட்டரைத் தாண்டியதும் பொக்லைன் வாளியில் வெள்ளைக் களி வந்தது.

"தம்பி, அதுக்குக் கீழ போவாதீங்க. அதை ஒடச்சிட்டா தண்ணி நிக்காது. பானைக்கு அடி மாதிரி அது."

"குளமா வெச்சுக்கப் போறீங்களாய்யா?"

"பள்ளந்தான்னு ஆயிப்போச்சு. தண்ணியாவது நிக்கட்டுமே."

அன்று ராத்திரி நான் கடைசி அத்தியாயத்தை முதலில் எழுத உட்கார்ந்தேன். குளம் என்று வைத்துக்கொண்டதும் மற்றதெல்லாம் இடம் மாறியது. ரோடு மேற்கே இருந்ததால் வண்டிப்பாதையை அந்தப் பக்கமே இறக்கியிருந்தேன். "மேடு மேக்க இருக்கு, மழைத்தண்ணி அங்கேருந்துதான் வரும், ஐப்பசி மொத மழையிலயே உங்க பாதைய அறுத்துடும்" என்றார் பெரியவர். பாதை கிழக்கே போனது. பத்துக்கு ஒன்று சரிவு, நான்கு மீட்டர் இறங்க நாற்பது மீட்டர் நீளம். குவாரி முடிந்தால் அதுவே மாடு இறங்கும் துறை. மேற்கே தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் உடைந்த செம்பூரான் கல்லைப் பாவச் சொல்லி எழுதினேன்.

மேல்மண்தான் மண்டையைக் குடைந்தது. அத்தனையையும் எல்லை ஓரத்தில் கொட்ட இடம் போதாது. மேற்கே கொட்டினால் வரத்துத் தண்ணீர் தடைபடும். கடைசியில் நிலத்தை இரண்டு பாதியாகப் பிரித்தேன். முதல் பாதியின் மேல்மண் மட்டும் வடக்கிலும் தெற்கிலும் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் குவியல். அதற்கு மேல் உயர்த்தினால் குவியலின் அடியில் கிடக்கும் மண் காற்றில்லாமல் செத்துப்போகும். இரண்டாம் பாதியைச் சுரண்டும்போது அந்த மண் குவியலுக்குப் போகாமல் நேராக முதல் பாதியின் முடிந்த படிகளில் போய் விழும். ஒரு முறை அள்ளுவது மிச்சம், டீசலும் மிச்சம். இதைச் சொன்னபோதுதான் குத்தகைக்காரர் முகம் கொஞ்சம் தெளிந்தது. மண்ணின் உயிரைப் பற்றி நான் பேசியதை அவர் காதில் வாங்கவே இல்லை.

குவியலில் கொளிஞ்சி விதைக்கச் சொன்னதும் பெரியவர்தான். நெல்லுக்குத் தழையுரமாக எங்கள் அப்பா விதைத்த அதே கொளிஞ்சி. மேட்டுச் செம்மண்ணிலும் தண்ணீர் கேட்காமல் வரும், மழையில் மண் கரையாமல் பிடித்துக்கொள்ளும். திட்டத்தில் 'பயறு வகைத் தாவரம்' என்று எழுதினேன். கொளிஞ்சி என்றே எழுதியிருக்கலாம்.

எல்லாம் காகிதத்தில் இருந்தபடி நடந்துவிடவில்லை. ஒரு வாரம் நான் போகாதபோது தென்கிழக்கு மூலையில் 7.5 மீட்டர் ஓரத்திலேயே கை வைத்துவிட்டார்கள். பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வர, அந்த மூலையில் மண்ணைக் கொட்டி ரோலர் ஓட்டினார்கள். மழைக்கு அது இரண்டு முறை சரிந்தது. இன்றும் அங்கே போனால் என் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகிறது.

போன தை மாதம் போயிருந்தேன். இடுப்பளவு தண்ணீர் நின்றது. படியில் பெரியவர் தென்னை வைத்திருக்கிறார். ஏரி வண்டல் நாலு டிராக்டர் கொண்டுவந்து கலந்தாராம். ஒரு காலத்தில் டிப்பர் ஏறிய பாதையில் மாடுகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "அடங்கல்ல இன்னும் புஞ்சைன்னே இருக்கு. குளம்னு மாத்திக் கேக்கலாமா? கேட்டா நாளைக்கு அரசாங்கக் குளம்னு வந்து நிப்பாங்களோ?"

விஏஓவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் பார்க்கவில்லை.