ஆத்தங்குடிக்கு வருகிறவர்கள் எதைத் தேடி வருகிறார்கள்?

செட்டிநாட்டு வீட்டு வாசலில் நின்று படமெடுத்துக் கிளம்பியது ஒரு காலம். இப்போது வருகிறவர்களுக்குத் தங்கள் கையால் எதையாவது செய்து பார்க்க வேண்டும். நல்ல ஆசைதான். அதற்கு ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையை விடப் பொருத்தமான இடமில்லை.

கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்றி, அச்சை நேர்மேலே தூக்க வேண்டும். கை ஆடினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். பிறகு உலர்ந்த மணல் சிமெண்டுக் கலவையைத் தூவினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன்மேல் சாந்து போட்டு மட்டம். சூளையே கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுப்பது.

காய்ந்த பிறகு பல நாள் தண்ணீரில் ஊற வேண்டும். அன்றே கையோடு கொண்டுபோக முடியாது. கூரியருக்கு முன்பே பேசிவிடுங்கள்.